காட்டுக்குதிரை மாதிரி இருக்கும், ஆனா இல்லை! இங்கிலாந்தில் தினமும் குதிரைகளை எண்ணும் தன்னார்வலர்கள் - ஏன்?

தெற்கு இங்கிலாந்தில் ஒரு சுண்ணாம்புக் குன்று. ஜனவரி மழையில் நனைந்தபடி சில மட்டக்குதிரைகள் நிற்கின்றன. கொட்டகை இல்லை, லாடம் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. பார்த்தவுடனே, 'பாவம், யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க' என்றுதான் தோன்றும்.

ஆனால், இவற்றைப் பார்க்க ஒரு தன்னார்வலர் வந்து போவார். சம்பளம் கிடையாது. கையில் இருப்பது ஒரு போனும் ஒரு பட்டியலும்தான்.

எதுக்காக மேய விடுறாங்க?

ஆள் வைத்துப் புதர் வெட்டுவதற்குப் பதிலாகத்தான். மேய்ச்சல் நின்றுபோன புல்வெளியை முட்புதர் மூடிவிடும். ஆர்க்கிட் பூக்களும் பட்டாம்பூச்சிகளும் காணாமல் போகும். எக்ஸ்மூர் இனக் குதிரைகள் மற்ற விலங்குகள் ஒதுக்கும் முரட்டுப் புல்லையும் முள்செடியையும்கூட மெல்லும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுமார் 50 மட்டுமே மிஞ்சிய இனம் இது. அதனால் குதிரைக்கும் லாபம், புல்வெளிக்கும் லாபம்.

தன்னார்வலர் என்ன பார்ப்பார்?

* எண்ணிக்கை: மொத்தமும் இருக்கா? கூட்டத்தை விட்டு ஒன்று தனியாக நிற்கிறதா?
* நடை: நொண்டுகிறதா? வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? அது வயிற்றுவலியின் அறிகுறி.
* உடல்: குளிர்கால ரோமம் மெலிவை மறைத்துவிடும். அதனால் கழுத்து, பின்புறம் இரண்டையும் கவனிக்க வேண்டும்.
* இடம்: தண்ணீர் இருக்கா, வேலி அறுந்திருக்கா?

இதில் பழக்கமும் முக்கியம். முதுகில் பனி உருகாமல் கிடந்தால் புதியவர் பதறுவார். உடல் சூடு வெளியே போகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். குளிர்காலத்தில் கொஞ்சம் இளைப்பதும் இயல்புதான். இரக்கப்பட்டு யாராவது வெட்டிய புல்லைக் கொட்டினால்தான் ஆபத்து. அது புளித்து வயிற்றுவலியை உண்டாக்கும், உயிரே போகலாம்.

சட்டம் யாரைக் கேட்கும்?

இங்கிலாந்து, வேல்ஸில் 2006-ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: உரிமையாளர் எப்போதும் பொறுப்பாளியே. குதிரை எவ்வளவு சுதந்திரமாகத் திரிந்தாலும் சரி, உணவு, சூழல், வலியிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அவர் கடமை. தன்னார்வலரை அனுப்பிவிட்டோம் என்பதால் அந்தப் பொறுப்பு கைமாறாது.

பார்த்தால் மட்டும் போதுமா?

போதாது. நெதர்லாந்தின் ஊஸ்ட்ஃபார்டர்ஸ்பிளாசன் இதற்குப் பெரிய உதாரணம். கடலிலிருந்து மீட்ட நிலத்தில் உருவான இந்தக் காப்பகத்தில், 1980-களில் கோனிக் குதிரைகளையும் ஹெக் மாடுகளையும் விட்டார்கள். பின்னர் செம்மான்களும் வந்தன. 'இயற்கை பார்த்துக்கும்' என்பதுதான் கொள்கை. ஆனால், சுற்றிலும் வேலி. புல் தீர்ந்தால் வேறு இடம் தேடிப் போக வழியில்லை.

2017-18 குளிர்காலத்தில், 5,000-க்கும் மேல் இருந்த விலங்குகள் 2,000-க்கும் கீழே குறைந்தன. இறந்தவற்றில் பெரும்பாலானவை, பட்டினியில் சாவதற்கு முன்பே அதிகாரிகளால் சுடப்பட்டவை. கொதித்துப்போன மக்கள் வேலிக்கு மேலே காய்ந்த புல்லை வீசினார்கள். அதன்பிறகே எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அங்கே யாரும் பார்க்காமல் இல்லை. எது மெலிகிறது என்று பார்த்துத்தான் சுட்டார்கள். நிலத்துக்கு எத்தனை விலங்கு தாங்கும், நிலைமை மோசமானால் எங்கே மாற்றுவது என்ற முடிவைத்தான் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

நம்ம ஊர்லயும் இருக்கே?

ஆமாம், கோடியக்கரை சரணாலயத்திலும் குதிரைகள் திரிகின்றன. ஆனால் கதை வேறு. அவை புல்வெளியைக் காக்க விடப்பட்டவை அல்ல, வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை. வெளிமான்களின் புல்லுக்குப் போட்டி என்றே பார்க்கப்படுகின்றன. இங்கிலாந்தில் உள்ளதுபோல் 'இது என் குதிரை' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

சுருக்கமாக...

தன்னார்வலரின் கண் ஓர் எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். 'ஒண்ணு நொண்டுது' என்று அவர் போன் செய்யும்போது எடுக்க ஓர் ஆள், வர ஒரு கால்நடை மருத்துவர், செலவழிக்கப் பணம் இந்த மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தினமும் எண்ணுவது வெறும் கணக்கெடுப்பாகவே நின்றுவிடும்.