ஸ்லக் பாரல் கேட்ட தம்பிக்கு

போன தசராவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா குலசை, அதாவது குலசேகரன்பட்டினம். முன்னாடியெல்லாம் "திருச்செந்தூர் பக்கம்"னு சொல்லித்தான் ஆபீஸ்ல புரிய வைக்கணும். 2024 பிப்ரவரியில ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டுனதுக்கு அப்புறம் "ஓ, அந்த ஊரா"ங்கிறாங்க. நமக்கு ஊர்னா ராக்கெட் இல்லீங்க. முத்தாரம்மன் கோயில், வேஷம் கட்டின கூட்டம், கடற்கரையில சூரசம்ஹாரம், அப்புறம் கோயிலுக்குப் போற வழியில பலூன் சுடுற கடை. இந்தப் பதிவு அந்தக் கடையிலதான் ஆரம்பிக்குது.

சின்ன வயசுல பத்து ரூபாய்க்கு அஞ்சு குண்டு. நான் அஞ்சையும் போர்டு துணியில சுட்டுட்டு, "துப்பாக்கி சரியில்ல"ன்னு சொல்லிட்டு வருவேன். கடைக்காரர் வேணும்னே குறிமுனையை வளைச்சு வச்சிருக்கார்னு ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தேன். இந்த வருஷம் சித்தப்பா மகன் வந்தான், வயசு பத்தொன்பது. முதல் குண்டு பலூனுக்கு நாலு விரல் இடப்பக்கமா போச்சு. பய ஒண்ணும் பேசல. அடுத்த நாலு குண்டையும் நாலு விரல் வலப்பக்கமா குறி வச்சான். நாலு பலூனும் காலி.

எனக்கு அப்பதான் உறைச்சது. துப்பாக்கி தப்பா சுடுறது வேற, சிதறிச் சுடுறது வேற. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல தப்பா விழுந்தா அது நல்ல பாரல். குறிமுனையைத் திருகிச் சரி பண்ணிக்கலாம். அஞ்சு குண்டு அஞ்சு திசையில போனா, எந்த டெலஸ்கோப்பை மாட்டியும் பிரயோஜனம் இல்ல. நம்ம பொட்டி தட்டுற பாஷையில, தினமும் வர்ற பக்கை பிடிச்சிடலாம், எப்பவாவது வர்ற பக்தான் உயிரை வாங்கும்.

பலூன் கடையிலேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது பய மெதுவா ஆரம்பிச்சான்.

"அண்ணே, எனக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கணும். பாரல் எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன். ஸ்லக் அடிக்கிற பாரலா இருக்கணும்."

"பெல்லட் போதாதால?"

"இல்லண்ணே, வீடியோவுல நூறு மீட்டர்ல ஸ்லக் வச்சு முட்டையை உடைக்கான்."

எதுக்குன்னு கேட்டேன், பதிலே வரல. நானும் அப்ப விட்டுட்டேன். அதை அப்புறம் சொல்றேன். முதல்ல அவன் கேட்ட கேள்விக்குப் பதில்.

பெல்லட்டைக் கையில எடுத்துப் பாத்திருந்தா தெரியும், நடுவுல இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிஞ்சு உள்ள குழிவா இருக்கும். ஷட்டில் காக் எப்படி எப்ப அடிச்சாலும் தலை முன்னால திரும்பிப் பறக்குதோ, அதே கதை. பாவாடையைக் காத்து பிடிச்சு இழுக்கிறதால தலை நேரா நிக்குது. 2024 பிப்ரவரி 28ல நம்ம ஊர்லேர்ந்து விட்ட ஆர்எச்-200 சின்ன ராக்கெட்டுக்கு வால்ல இறக்கை இருக்கே, அதுவும் கிட்டத்தட்ட இதே வேலைதான். பெல்லட்டுக்கு பாரல்ல இருக்கிற மரை கொடுக்கிற சுழற்சி ஒத்தாசைக்குத்தான். இன்னொண்ணு, பின்னாலேர்ந்து காத்தழுத்தம் தள்ளும்போது பாவாடை விரிஞ்சு மரையில தானா ஒட்டிக்கும். அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பெல்லட் பொறுத்துக்கும்.

ஸ்லக் அப்படி இல்ல. அது துப்பாக்கித் தோட்டா மாதிரி, பாவாடை கிடையாது. காத்து அதை நேரா நிறுத்தாது, பம்பரம் மாதிரி சுத்தினாத்தான் நிக்கும். அதனால பாரலோட மூணு விஷயம் முக்கியமாகுது.

ஒண்ணு, முறுக்கு. மரை எத்தனை மி.மீ. தூரத்துல ஒரு முழுச் சுத்து சுத்துதுங்கிற கணக்கு. ஜெர்மனியோட லோதர் வால்தர் ஏர்கன் பாரல்கள்ல 450 மி.மீ.க்கு ஒரு சுத்துங்கிறது வழக்கமான அளவு. 1879ல கிரீன்ஹில்னு ஒரு ஆங்கிலேய கணித வாத்தியார் ஒரு குத்துமதிப்புக் கணக்கு சொன்னார்: குண்டோட விட்டத்தை விட்டத்தால பெருக்கி, 150ஆல பெருக்கி, நீளத்தால வகுத்தா தேவையான முறுக்கு வரும். 4.5 மி.மீ. விட்டம், 6 மி.மீ. நீளம்னா சுமார் 500 மி.மீ. வருது, 450 பாரல் தாங்கும். நீளம் 9 மி.மீ. ஆனா சுமார் 340 மி.மீ. வேணும், 450 பாரல்ல அது தள்ளாடும். இதுக்காக முறுக்கை ரொம்ப நெருக்கினா, பெல்லட் தூரத்துல சுருள் சுருளா ஆட ஆரம்பிச்சிடும். ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு விஷம்.

ரெண்டு, வாய் இறுக்கம். நல்ல பெல்லட் பாரல் பலதுல கடைசி ஒண்ணு ரெண்டு அங்குலம் ஒரு நூலளவு ஒடுங்கியிருக்கும். 'சோக்'னு சொல்வாங்க. அது ஒவ்வொரு பெல்லட்டையும் ஒரே அளவா நீவி வெளிய அனுப்பும். கெட்டியான ஸ்லக்குக்குப் பெரும்பாலும் அந்த இறுக்கம் ஆகாது.

மூணு, விட்டப் பொருத்தம். பாவாடை இல்லாததால ஸ்லக் தானா விரிஞ்சு ஒட்டாது. ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசத்துல ரெண்டு மூணு அளவு விப்பாங்க. உன் பாரலுக்கு எதுன்னு சுட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

இதனாலதான் ஸ்வீடனோட எஃப்எக்ஸ் கம்பெனி, பாரலுக்குள்ள கழட்டி மாட்டுற உள்குழலை பெல்லட்டுக்கு ஒண்ணு, ஸ்லக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா விக்குது. ரெண்டையும் ஒரே பாரல்ல பிரமாதமா அடிக்கலாம்னு யாராவது சொன்னா, ஷாம்பூவும் ஹேர் ஆயிலும் ஒரே பாட்டில்ல இருக்குன்னு சொல்றவரை நம்புற அளவுக்கு நம்புங்க.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 2016 ஆயுத விதிகள்படி, விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல போனாலோ, குழல்வாய் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைஃபிளுக்கும் லைசன்ஸ் வேணும். வீடியோவுல முட்டை உடைக்கிற ரைஃபிள் எல்லாம் இதுக்குப் பல மடங்கு மேல. 20 ஜூலுக்குள்ள 0.65 கிராம் ஸ்லக் போட்டா வேகம் நொடிக்கு சுமார் 248 மீட்டர். 0.55 கிராம் பெல்லட்டுன்னா சுமார் 270. ஸ்லக்கோட லாபம் எல்லாம் காத்தைக் கிழிச்சுக்கிட்டு ரொம்ப தூரம் வேகம் குறையாம போறதுலதான் இருக்கு. இருபது, முப்பது மீட்டர்ல அந்த லாபம் கைக்கு வராது. பொருத்தம் தேடுற தலைவலி மட்டும் முழுசா வரும்.

அதனால என் கட்சி இதுதான்: இந்தியாவுல லைசன்ஸ் இல்லாம ஏர் ரைஃபிள் வாங்குறவன் ஸ்லக் பாரலைத் தேடுறது வீண். நல்ல பெல்லட் பாரல் வாங்கு. மிச்சக் காசுல நாலஞ்சு வகை பெல்லட் டப்பா வாங்கு. மணல் மூட்டையில ரைஃபிளை வச்சு, ஒவ்வொரு வகையிலயும் பத்துப் பத்தா மூணு தடவை சுடு. வகை மாத்தினதும் முதல் இருபது முப்பது குண்டைக் கணக்குல சேர்க்காத. மூணுல நல்லா வந்த ஒண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போடாம, மூணுக்கும் சராசரி பாரு. பாரல் கம்பெனி பேரை விட இந்த ஒரு சாயங்கால வேலை அதிகம் சொல்லும். (நம்ம கடல் காத்துல உப்பு. பாரலைத் துடைச்சு லேசா எண்ணெய் காட்டி வைக்கலைன்னா, ஜெர்மன் பாரலும் ஆணி மாதிரி துருப்பிடிக்கும்.)

ஒலிம்பிக்ல சுடுறவங்களே இதைத்தான் பண்றாங்க. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல பத்தாம் வட்டம் வெறும் அரை மி.மீ. புள்ளி. அதுக்கு அவங்க ரைஃபிளை இடுக்கியில மாட்டி, 4.49, 4.50, 4.51னு தலை அளவு மாத்தி மாத்திச் சுட்டு, தன் பாரலுக்குப் பிடிச்ச பெல்லட்டைத் தேர்ந்தெடுக்கிறாங்க. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினதும், 2012ல லண்டன்ல சென்னையில பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கினதும் தட்டைத் தலை பெல்லட்டுலதான். வேகம் நொடிக்கு 175 மீட்டர் வாக்குல, ஆற்றல் 10 ஜூல் கூட இல்ல.

இதெல்லாம் போன்ல பயகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டான். கடைசியா உண்மை வந்துச்சு.

"மயிலுண்ணே. தேரிப் பக்கத்துலேர்ந்து கூட்டமா வருது. அப்பா போட்ட கடலையில பாதியைக் கிண்டிருச்சு. பெல்லட்டு பக்கத்துல போனாத்தான் ஆகும். ஸ்லக்குன்னா தூரத்துலேர்ந்தே..."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. சித்தப்பா கடலைக்கு வட்டிக்கு வாங்கினது எனக்குத் தெரியும். மயில் மேல இருக்கிற கோவமும் புரியுது. ஆனா மயில் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. மாட்டினா குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வரைக்கும் போகலாம். போலீஸ் வேலைக்குப் பரிச்சை எழுதிட்டு இருக்கிற பய அவன். அதை விட, தப்பிப் போன ஸ்லக் வேகம் குறையாம போகும், கல்லுல பட்டுத் தெறிக்கும். அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போறது நம்ம ஆச்சிமார்தான்.

ஆக, பாரல் கேள்விக்குள்ள ஒளிஞ்சிருந்தது வேற கேள்வி. "எந்த பாரல் நல்லது"ன்னு யாராவது கேட்டா இனிமே முதல்ல "எதைச் சுடப் போற"ன்னு கேக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். காகிதத்தைச் சுடுறவனுக்கு ஒரு பதில். உயிரைச் சுடப் போறவனுக்கு ட்விஸ்ட் ரேட் கணக்குப் போட்டுக் கொடுக்க நான் தயாரில்ல, அவன் என் தம்பியாவே இருந்தாலும். 2021 மார்ச்ல அருணாசலப் பிரதேசத்துல ஏர்கன்னைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி அரசாங்கமே இயக்கம் நடத்துச்சு. காட்டுல பறவைச் சத்தமே குறைஞ்சு போச்சுங்கிறதுதான் காரணம். அந்த நிலைமை இங்கயும் வரணுமா?

கடலைக்கு என்ன வழின்னு அவன் திருப்பிக் கேட்டான். வலை கட்டலாம், தகரம் தட்டலாம்னேன். "அதெல்லாம் கட்டியாச்சுண்ணே"ன்னான். அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல. அதை ஒத்துக்கிட்டேன். வலைக்கு என் பங்கா கொஞ்சம் பணம் அனுப்பினேன், அவ்வளவுதான் முடிஞ்சது.

ஆனா ஒண்ணு சொன்னேன். ஒரே ஒரு குண்டு பாத்துட்டு, எதுவும் பேசாம நாலு விரல் தள்ளிக் குறி வச்சவன் நீ. அது சாதாரணக் கண்ணு இல்ல. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போய் நின்னதும் அந்த அரை மி.மீ. புள்ளிக்கு முன்னாடிதான். ஒரு ரைஃபிள் கிளப்புல சேரு, முதல் வருஷ ஃபீஸ் என் பொறுப்பு. பெல்லட் டப்பாவும்தான்.

இன்னும் பதில் சொல்லல. கோவமா இருக்கான்னு சித்தி சொன்னாங்க. இருக்கட்டும். அடுத்த தசராவுக்குப் போவேன்ல, பலூன் கடையில வச்சுப் பேசிக்கிறேன்.

டிஸ்கி: பலூன் கடைக்கார அண்ணாச்சிகிட்ட இத்தனை வருஷம் மனசுக்குள்ள திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். "தம்பி, குறிமுனையை நான் வளைக்கல. உன்னை மாதிரி ஆளுங்க கீழ போட்டுப் போட்டு அதுவா வளைஞ்சுச்சு"ன்னார். உங்க ஊர்ல மயிலுக்கு என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்கா, சித்தப்பாவுக்கு உதவும்.