கண்காணிப்புக் கமராக்கள் சமூகத்திற்கு நன்மை பயக்குமா?



வங்கியிலும் கடைவீதியிலும் பஸ் நிலையத்திலும் இன்று கமராக்கள் எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இது நன்மையா, தீமையா? நன்மையே என்பது எனது கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இலண்டன் மாநகரில் 2005 ஜூலை மாதம் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை விளக்குகின்றேன்.

ஜூலை 7 ஆம் திகதி அங்கு மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்ததில் 52 பேர் கொல்லப்பட்டனர். 21 ஆம் திகதி வேறு நால்வர் அவ்வாறே குண்டுகளுடன் ரயில்களிலும் பஸ்ஸிலும் ஏறினர். அவை முழுமையாக வெடிக்கவில்லை. நால்வரும் தப்பியோடினர். அத்தனை பெரிய நகரில் அவர்களை எப்படித் தேடுவது? அவர்களின் உருவங்கள் கமராக்களில் பதிவாகியிருந்தன. மறுநாளே பொலிஸார் அப்படங்களை வெளியிட்டனர். 29 ஆம் திகதிக்குள் நால்வரும் கைதாகினர்.

“கமரா குண்டுவெடிப்பைத் தடுக்கவில்லையே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் தப்பியவர்கள் மீண்டும் முயல்வதற்கு இடமில்லாமற் போயிற்று. இதைவிட முக்கியமான நன்மை ஒன்றும் உண்டு. குற்றவாளி யாரெனத் தெரியாதபோதுதான் ஒரு சமூகம் முழுவதும் சந்தேகத்திற்குள்ளாகின்றது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையுடன் வரிசையில் நின்ற காலத்தைப் பற்றி உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். குற்றம் செய்தவரின் முகம் தெரிந்தால், செய்யாதவர்கள் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே ஜூலை 22 ஆம் திகதி, ஜீன் சார்ல்ஸ் டி மெனேசஸ் என்ற 27 வயதுடைய பிறேசில் நாட்டவர் வேலைக்குப் புறப்பட்டார். சந்தேகநபர் ஒருவரின் முகவரியாகப் பொலிஸாருக்குக் கிடைத்திருந்த அதே தொடர்மாடியில் அவர் வசித்தார். அவரையே சந்தேகநபரெனப் பிழையாகக் கருதிப் பின்தொடர்ந்த பொலிஸார், ரயிலுக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றனர். அவர் நிரபராதி. இச்சம்பவத்திற்காக 2007 இல் நீதிமன்றம் இலண்டன் மாநகரப் பொலிஸுக்கு 175,000 பவுண் தண்டம் விதித்தது. ஆனால் போன உயிர் திரும்புமா?

எனவே, கண்காணிப்பவரையும் கண்காணிக்கும் சட்டம் இருத்தல் வேண்டும். இதுவே நான் கூறிய நிபந்தனை. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 9 ஆம் இலக்கச் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறையிலும் இருக்க வேண்டும்.

மாணவர்களே, இத்தலைப்பில் கட்டுரை எழுதும்போது “நல்லது” அல்லது “கூடாது” என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். பார்ப்பவர் யார்? எதற்காகப் பார்க்கின்றார்? பிழை நேர்ந்தால் பதில் சொல்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுங்கள். பரீட்சைக்கு மட்டுமன்றி, நாளை நீங்கள் வாக்களிக்கும் பிரஜைகளாகும்போதும் அவை உதவும்.