ஆங்கிலமும் ஏழு வழுவும்

சுனாபட்டி நிலையத்தில் ஹார்பர் வண்டிக்குக் காத்து நிற்கும் நம் மாணவரிடையே அடிக்கடி எழும் ஐயங்கள் சில உண்டு. ‘சின்ஸ்’ எங்கே வரும், ‘ஃபார்’ எங்கே வரும்? ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் ‘அபௌட்’ வரலாமா? வினாவில் எச்சொல் முன்னே நிற்க வேண்டும்? இவற்றைத் தமக்குள் கேட்டுக்கொள்ளும் நண்பர்கள் வகுப்பிலே வாய் திறப்பதில்லை. பிழைபட்டால் பிறர் நகைப்பரே என்ற அச்சம்! தாராவியின் தமிழ்ப் பள்ளிகளில் பயின்று வந்தோரிடம் அது இன்னும் மிகுதி. நேர்முகத் தேர்வில், விடை தெரிந்திருந்தும் அச்சத்தால் வேலையை இழப்போர் உளர்.

இதற்கு மருந்தாகச் சிலர் கூறுவது, “தமிழை மற, ஆங்கிலத்திலேயே எண்ணு” என்பது. இதனை நான் ஏற்கவில்லை. நம் பிழைகளுட் பல, தமிழ் வாக்கியத்தின் அச்சிலே ஆங்கிலச் சொற்களை வார்ப்பதால் வருவன. அவ்வச்சு எத்தகையது என அறிந்தவனுக்கே தன் பிழையின் வேர் புலப்படும்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வாக்கியத்தில் நேரும் வழுக்களை ஏழாக வகுக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இப்பட்டியலைக் கொண்டு நம் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்போமே!

முதலில் காலம். “பத்து ஆண்டுகளாகச் சுனாபட்டியில் வசிக்கிறோம்” என்னும்போது நமக்கு நிகழ்காலம் போதும். அதனால் ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்கிறோம். முன்னே தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கு ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது: ‘வீ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. தொடங்கிய வேளையைச் சொன்னால் ‘சின்ஸ் 2015’.

அடுத்தது வினா. தமிழில் ‘ஆ’ சேர்த்தாலோ, ‘எங்கே’ என்ற சொல்லை வைத்தாலோ வினா ஆகிவிடும். சொற்கள் இடம் பெயரத் தேவையில்லை. ஆகவே ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னே செல்ல வேண்டும்: ‘வேர் ஆர் யூ கோயிங்?’ அதே வினா இன்னொரு வாக்கியத்துள் அடங்கும்போது மட்டும் ‘டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்’ எனப் பழைய வரிசை திரும்பும்.

விடைக்கு வருவோம். “கட்டணம் கட்டவில்லையா?” என்றால், “ஆமாம், கட்டவில்லை” என்கிறோம், கேட்டவர் கூற்றை ஒப்புகிறோம். ஆங்கிலத்திலோ செயல் நிகழாவிடின் ‘நோ’ என்பதே விடை. ‘யெஸ்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால், கட்டிவிட்டான் என்று அலுவலர் எழுதிக்கொள்ளக்கூடும்!

இனி மரபு. குயில் கூவும், மயில் அகவும். மாற்றிச் சொன்னால் வழு. ஆங்கிலத்திலும் இத்தகைய மரபு உண்டு. “தவறு செய்தேன்” என்பதை நாம் ‘டிட் எ மிஸ்டேக்’ ஆக்குகிறோம். அவர்கள் மரபு ‘மேட் எ மிஸ்டேக்’. ‘டிஸ்கஸ்’ என்னும் வினை தன் செயப்படுபொருளை நேரே ஏற்பது. ‘பற்றி’ என்ற நம் பழக்கத்தால் ‘அபௌட்’ நுழைகிறது.

பாலும் இடமும் நமக்கு எளியவை. வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என எழுவாய்தோறும் விகுதி மாற்றிப் பழகிய நாவுக்கு, ‘ஹீ கம்ஸ்’ என்பதன் ஒற்றை ‘ஸ்’ஸா கடினம்?

இவற்றோடு சொல்வரிசையும் கருதத்தக்கது. “கண்ணன் முருகனைக் கண்டான்” என்பதை எப்படி மாற்றி அடுக்கினும் ‘ஐ’ உருபு பொருளைக் காக்கும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. அது நிற்கும் இடமே அதற்கு உருபு. வினைக்கு முன் எழுவாய், பின் செயப்படுபொருள் என்ற கட்டுப்பாடு அதனால் எழுந்ததே.

வழுவை விலக்கிய நன்னூலார் வழுவமைதியும் வகுத்தார். உவகையால் பசுவை “என் அம்மை வந்தாள்” என்பது குற்றமன்று. ஆங்கிலமும் அவ்வாறே இடம் தருகிறது. இந்தியர் வழங்கிய ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறிவிட்டது. நம் கட்டுமரமும் மிளகுதண்ணீரும் எப்போதோ ஆங்கிலச் சொற்களாகிவிட்டன. கொடுத்தும் வாங்கியும் வளர்ந்த மொழியின் முன் நாம் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

இலக்கணம் மட்டும் போதுமா? போதாது. படிக்க வேண்டும், பேச வேண்டும், பிழைபட வேண்டும். அதற்கு நம் சங்கமே களமாகட்டும். தமிழ்வழிப் பயின்றோரும் ஆங்கிலவழிப் பயின்றோரும் வாரம் ஒருமுறை கூடுவோம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதி, எவ்வழு நேர்ந்தது எனக் காண்போம். முன்னவர் ஆங்கிலம் பெறுவர். பின்னவர் இழந்த தமிழைப் பெறுவர்.

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய். கல் வெந்தால்தான் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருந்தால்தான் சுவர். நண்பர்களே, இன்று நாம் அஞ்சாது பேசும் பிழைகளே நாளை நம் மொழித்திறனைக் கட்டும் சுண்ணாம்பு. வாய் திறவுங்கள்!