முகத்தை மறைத்தால் போதுமா?

2022 மின்வெட்டுக் காலம். நுண்கடன் பற்றிய 2 நிமிட விழிப்புணர்வு வீடியோவுக்காக மட்டக்களப்பில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நாடினேன். ஓர் அறை, இரண்டு கணினி, மூன்று பிள்ளைகள். கடன்பட்ட தாயொருவரின் கதையை முகம் காட்டாமல் ஓவியமாக்கினார்கள். செக்கனுக்கு 25 படம் வீதம் 3000 படங்கள் ஓடவேண்டும்.

முடிந்ததும் அந்தத் தாய்க்குப் போட்டுக் காட்டினோம். "இது என்ட கிணத்தடிதானே மகள்? ஊர் கண்டுபிடிச்சிடுமே!" என்றார். வெட்கிப்போனேன். கிணற்றடிப் புகைப்படத்தைக் கொடுத்தவளே நான்தான்.

வரைந்த பிள்ளை முகம் சுளிக்கவில்லை. "அழிச்சிப்போட்டுக் கீறுவம் அக்கா" என்றாள். இரண்டு இரவில் கிணறு மறைந்தது.

பிறர் துயரை ஊருக்குச் சொல்லுமுன் அவருக்கே முதலில் காட்டுவோம். வேண்டாமென்று சொல்லும் உரிமை அவருடையது.