கொக்கின் முன் வைத்த தட்டு

உழைப்பவர் உயர்வர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். உயரும் வழி அனைவருக்கும் திறந்திருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனம் நடத்திய அனல்மின் நிலையம் ஒன்றில், கறுப்பினத் தொழிலாளர்க்குக் கூலிப் பிரிவில் மட்டுமே இடமிருந்தது. அப்பிரிவின் உச்ச ஊதியம், வெள்ளையர் பணியாற்றிய பிற பிரிவுகளின் அடிமட்ட ஊதியத்தையும் எட்டவில்லை. இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965இல் நடைமுறைக்கு வந்ததும், நிறுவனம் நிறத்தைப் பேசுவதை விடுத்துத் தகுதியைப் பேசலாயிற்று. பிரிவு மாறப் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும். இல்லையேல் இரு தேர்வுகளில் தேற வேண்டும் என்றது. அச்சான்றிதழ் இல்லாமலே முன்னர் அமர்ந்த வெள்ளையரோ செவ்வனே பணியாற்றிப் பதவி உயர்வும் பெற்றுவந்தனர்!

வில்லி கிரிக்ஸ் முதலிய 13 தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். வேலைக்குத் தொடர்பற்ற தகுதி ஓரினத்தாரை விலக்குமாயின், தீய நோக்கம் இல்லாவிடினும் அது சட்டத்திற்கு முரணே என 1971 மார்ச் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நரியும் கொக்கும் விருந்துண்ட கதையையும் அத்தீர்ப்பு நினைவூட்டிற்று. தட்டில் பாலை ஊற்றிவிட்டு, ‘இருவருக்கும் சமமாகவே வைத்தேன்’ என்பது நீதியாகுமா?

தகுதி வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தகுதியின் பெயரால் கதவடைப்பதையே மறுக்கிறோம். நாளை பிறரைத் தேர்ந்தெடுக்கும் இருக்கையில் அமரவிருக்கும் மாணவச் செல்வங்களே! நிபந்தனை விதிக்குமுன், ‘இப்பணிக்கு இது தேவைதானா?’ என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்.