கைடுகளை நம்பலாமா?

பரீட்சை நெருங்க நெருங்கக் கைடு வியாபாரம் சூடு பிடிப்பது என்றும் உள்ளதே. அன்று புத்தகக் கடைப் பலகையில் மட்டும் இருந்த சரக்கு, இன்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வீடு தேடி வருகிறது. எதை வாங்குவது, எதைத் தள்ளுவது என்று நம் சங்கக் குடும்பங்கள் பலவும் கேட்கின்றன. ஆதலின் இத்திங்கள் அதைப் பற்றியே சொல்ல முற்படுகிறோம்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இவ்விஷயத்தில் தனித் தொல்லை ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு இன்று நம் பிள்ளைகளின் புத்தகப் பையின் நடுவே ஓடுகிறது. ஒரே வீட்டில் அண்ணன் மார்த்தாண்டத்துக் கல்லூரிக்குப் போவான். அவனுக்குப் பரீட்சை வைப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தங்கை நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ படிப்பாள். அவளுக்குக் கேரளப் பல்கலைக்கழகம். பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும். அண்ணன் வாங்கிய கைடு தமிழில் தெளிவாக இருக்கிறதே என்று தங்கை அதையே புரட்டுவாள். அப்புத்தகத்தில் பிழை ஒன்றும் இல்லாமலிருக்கலாம்; ஆனால் அவளுக்கு வரும் வினாத்தாள் வேறு.

மேலும், கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாண்டில் 133 கிரெடிட், நான்காண்டில் 177 கிரெடிட் என்பது அதன் கணக்கு. அதற்கு முன் அச்சான கைடுகள், அட்டை எத்துணைப் பளபளப்பாக இருந்தாலும், பழைய பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவையே. சென்ற ஆண்டு ரயில் அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு பாறசாலை நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்போரை நாம் கண்டதுண்டு. அட்டவணையில் அச்சுப்பிழை இராது, வண்டிதான் வராது. எனவே விலையைக் கேட்குமுன் பாடக் குறியீட்டையும் பாடத்திட்ட ஆண்டையும் பார்க்க வேண்டும். குறியீடே அச்சிடாத கைடை அப்போதே கீழே வைத்துவிடலாம்.

பாறசாலைப் பக்கத்து அன்னையொருவர் நமக்கு எழுதியுள்ளார். அவர் மகன் ஸ்வயம் தளத்தின் வழியே என்.பி.டி.இ.எல். பாடமொன்று எடுத்திருக்கிறானாம். ‘எல்லா வார விடைகளும், பரீட்சைக்கு வரப்போகும் கேள்விகளும்’ அடங்கிய கட்டு 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். வாங்கித் தரலாமா என்று கேட்கிறார். வீட்டு வேலை செய்து சேர்த்த பணம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பாடத்தில் சேரப் பணம் வேண்டியதில்லை. பரீட்சை எழுதுவோர் மட்டுமே கட்டணம் செலுத்துகின்றனர். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட். வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் பரீட்சைக்கு 75. பயிற்சியில் 25-க்குப் பத்தும், பரீட்சையில் 75-க்கு முப்பதும் தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ். கட்டு விற்பவர் தரும் விடைகள் சரியாகவே இருந்தாலும் அவற்றால் ஆவது அந்த 25 மட்டுமே. மீதி 75-க்கு மையத்தில் பையன் தனியாக உட்கார வேண்டும். அங்கே கட்டும் வராது, கட்டு விற்றவரும் வரமாட்டார். தவிரவும், வாரத்தின் கெடு முடிந்தபின் சரியான விடைகளை அந்நிறுவனமே வெளியிடுகிறது. சில நாள் பொறுத்தால் இலவசமாகக் கிடைப்பதற்கு 1,500 ரூபாய் எதற்கு?

‘வரப்போகும் கேள்விகள்’ என்பதோ இன்னும் மோசம். பொய்யானால் பணம் போயிற்று. மெய்யானால் அது திருட்டு. 2024 ஜூன் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த மத்தியச் சட்டத்தின்படி, அச்சட்டத்தில் அடங்கிய பொதுப் பரீட்சைகளின் வினாத்தாளைக் கசிய விடுவோருக்கு மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை. அம்மையார் அப்பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பையன் தமிழில் படிக்க விரும்பினால், என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் விரிவுரைகள் தமிழ் எழுத்து வடிவிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தன் பாடம் அவற்றில் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று: 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கலாமென்றாலும், தாம் எடுத்த பாடத்தைக் கல்லூரி ஏற்கிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம். வாய்வார்த்தையை நம்பி ஒரு பருவத்தை இழக்க வேண்டாம்.

இக்னோவில் அஞ்சல் வழி பயிலும் நம் அன்பர்கள் நிலை வேறு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், நேரம் குறைவு, ஆகவே கைடு மீது ஆசை வருவது இயல்பே. அப்பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ‘ஒரே இரவில் வெற்றி’ என்னும் புத்தகம் அந்த 120 மணியில் எதை விட்டுவிட்டது என்று கேட்டுப் பாருங்கள். மூலப் பாடப்புத்தகங்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் விலையின்றி உள்ளன. பழைய வினாத்தாள்களையும் பல்கலைக்கழகமே தன் தளத்தில் வைத்திருக்கிறது.

இவ்விரண்டையும் கொண்டே எந்தக் கைடையும் உரைத்துப் பார்க்கலாம். பழைய வினாத்தாளில் ஐந்து வினாக்களை எடுத்துக்கொள்க. கைடில் அவற்றின் விடையைக் காண்க. பின் மூலப் புத்தகத்தில் அதே பகுதியைப் படிக்க. கணக்கு இருப்பின் தாமே போட்டுப் பார்க்க. ஐந்தில் இரண்டு தவறினால் புத்தகத்தை மூடிவிடுக. ஒரு மாலைப்பொழுது போதும். நூறு பேர் நன்றென்று நட்சத்திரம் போட்டிருந்தாலும் இந்த ஐந்து வினாச் சோதனைக்கு அது ஈடாகாது. பரீட்சைக்கு முன்பே போட்ட நட்சத்திரத்துக்கு என்ன மதிப்பு?

தமிழ்க் கைடுகளில் இப்போது புதிய ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தை இயந்திரத்தில் இட்டு மொழிபெயர்த்து, படித்துப் பாராமலே விற்று விடுகிறார்கள். பொருளாதாரப் பாடத்தில் ‘வட்டி விகிதம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்வ விகிதம்’ என்று கண்டால், அதைத் தொகுத்தவர் தம் நூலைத் தாமே படிக்கவில்லை என்று முடிவு கட்டலாம். விடையின் அடியில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் கம்பீரமாக இருக்கும்; தேடினால் அப்படியொரு நூலே இராது.

கைடு முழுவதும் கூடாதென்பது நம் கருத்தன்று. தொகுத்தவர் பெயர், பாடக் குறியீடு, ஆண்டு மூன்றையும் மறைக்காது அச்சிட்டு, ஐந்து வினாச் சோதனையிலும் தேறும் கைடு, மூலத்தைப் படித்து முடித்தபின் மீளப் பார்க்கப் பயன்படும். அண்ணன் அக்காள் வைத்துப்போன பழைய இக்னோப் புத்தகங்களையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். குறியீடு மாறாதிருந்தால் அவை இவ்வாண்டும் உதவும்.