ஊனோ ஆட்டமும் வீட்டுத் தமிழும்



சீட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. 'ஊனோ' அத்தகையதன்று. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த மெர்ல் ராபின்ஸ் என்னும் முடிதிருத்துநர் உருவாக்கிய குடும்ப விளையாட்டு அது. ஆளுக்கு 7 அட்டைகள். நிறமோ எண்ணோ பொருந்தினால் போடலாம். கையில் ஒரே அட்டை எஞ்சும்போது 'ஊனோ' என்று சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் அதற்கு 'ஒன்று' என்று பொருள்.

நம் பிள்ளைகள் பலர் இதனை ஆடும்போது 'ரெட்', 'புளூ' என்றே கூவுகின்றனர். பயிற்சி நூலில் பிழையின்றி எழுதும் நிறப்பெயர்கள், ஆட்டத்தின்போது வாயில் வருவதில்லை. மகிழ்ச்சியில் வராத மொழி, தேர்வு முடிந்ததும் மறைந்துவிடும் என்பதே என் அச்சம்.

ஆகவே, வீட்டில் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையைப் போடுபவர் 'சிவப்பு ஐந்து', 'பச்சை ஏழு' என்று தமிழில் சொல்ல வேண்டும். மறந்தால் ஓர் அட்டை எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இவ்விதி பொருந்தும். இறுதியில் 'ஊனோ'வுக்குப் பதிலாக 'ஒன்று' என்றே முழங்கட்டும்.

ஆனால், உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி ஆட்டத்தைத் தேர்வாக்கிவிடாதீர்கள். தாத்தா பாட்டியையும் உடன் அமர்த்துங்கள். நிறமும் எண்ணும் அறிந்தால் போதும், அவர்களும் வெல்லலாம்.

வருகின்ற பள்ளி விடுமுறையில் முயன்று பாருங்களேன்!